தாயம்

பிறந்தபோது நான் அழுதது
தகரத்தில் மணல் உரசியது போலிருந்ததாம்.
டிஸ்பென்சரி மருத்துவிச்சி
வாய்க்குள் விரல்விட்டுத் தேடினாள்.
சளி இல்லை.

போகவந்தலாவைக்கு மேலே
பதினோராம் நம்பர் மலையில்
என்னைக் குரலால்தான் தெரியும்.
பனியில் முகம் தெரியாத காலைப் பெரட்டில்
என் பேர் கூப்பிட்டால் "இருக்கேன்" என்பேன்.
"எந்தப் பயல்டா அது?" என்றார்
புதுக் கணக்கப்பிள்ளை.
சிரித்தார்கள், நானும்தான்.
கிலோ குறைந்தால் அரைப்பேர்.
குரல் எடையில் சேராது.

கூடைக் கயிறு உரசினாலே நெற்றி புண்ணாகும்.
ஆறினால்
மெழுகு வழிந்து உறைந்த மாதிரி ஒரு தழும்பு.
இமையோரம் கடுகு கோத்ததுபோல் மணிகள்.
நாக்கை நீட்டச் சொன்னால்
பல்லைத் தாண்டாது.

கவ்வாத்து முடிந்து துளிர் வந்த மாதம்
சவுக்கு மரத்துக் குளவி கலைந்தது.
கூடைகளை எறிந்துவிட்டு எல்லோரும் ஓடினார்கள்.
எனக்கு ஓடத் தோன்றவில்லை.
கறுப்பாய் ஒன்று சுழன்று வந்தது,
அழகு என்றுகூடச் சொல்வேன்.
கானுக்குள் விழுந்து கிடந்தாள் சூசையம்மா.
படங்கை அவிழ்த்து அவள்மேல் போர்த்தி
அதன்மேல் படுத்துக்கொண்டேன்.
நாற்பத்தொரு கொட்டு.
எண்ணியது நானில்லை, நர்ஸ்.

சம்பள நாளில்
கோயில் கமிட்டி ஒரு சால்வை போட்டது.

கொட்டு ஆறாமல் கண்டிக்கு அனுப்பினார்கள்.
அங்கே படம் பிடித்தார்கள், ரத்தம் எடுத்தார்கள்,
நாலு மாதம் கழித்து வரச் சொன்னார்கள்.
டாக்டர் மட்டக்களப்புப் பெண்,
பேச்சு மட்டும் பாடப்புத்தகம்.
"கலங்களுக்கு வெளியே
கலங்களைப் பிடித்துவைக்கிற பின்னல் ஒன்று உண்டு.
கலப்புறத் தாயம்.
அதில் ஒரு புரதம் உங்களுக்குச் சரியாக இல்லை.
அதை எழுதுகிற பரம்பரையலகு
முதலாம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது,
பேர் ஈ.சி.எம். ஒன்று."

முப்பத்தொரு வருஷத்தில்
எனக்கு முழுப்பேர் விழுந்தது அன்றைக்குத்தான்.

தாயம் என்றதும் சிரிப்பு வந்துவிட்டது.
லயத்து வாசலில் கரிக்கோடு கீறி
புளியங்கொட்டை உருட்டுவோமே, அது.
ஒன்று விழுந்தால்தான் காய் இறங்கும்.
அப்பா உருட்டினார், அம்மா உருட்டினாள்,
அத்தை மகனும் மாமன் மகளும்
ஒரே சுவருக்கு இந்தப்பக்கம் அந்தப்பக்கம்.
இரண்டு பேருக்கும் ஒன்று.
நான் இறங்கினேன்.

பிறகு மூளைப் படம்.
இரண்டு பக்கமும் வெள்ளையாய்
அவரைக்கொட்டை மாதிரி இரண்டு.
"பயம் உண்டாகிற இடம் இது.
சுண்ணாம்பு படிந்திருக்கிறது."

அப்படியானால் அந்தச் சால்வை யாருக்கு?
சூசையம்மாமேல் படுத்தது நானா, இந்தக் கல்லா?
கேட்க நினைத்தேன்.
வரிசையில் பின்னால் யாரோ இருமினார்கள்.
எழுந்துவிட்டேன்.

ஹட்டன் வரைக்கும் பஸ்ஸில் அதே யோசனை.
பயமில்லாதவள் ஓடாமல் நின்றாள், சரி.
நிற்கிறவர்கள் எல்லாரும்
படங்கை அவிழ்ப்பார்களா?

வீட்டுக்காரர் மஸ்கெலியாப் பக்கம், சொந்தமில்லை.
பிள்ளை பிறந்து அழுதபோது
வார்டே திரும்பிப் பார்த்தது,
அப்படியொரு கீச்சு.
என்னிடமிருந்து ஒன்றுதான் அவளுக்கு,
அது தனியாக ஒன்றும் செய்யாதாம்.

இப்போது இரண்டு வயது.
நேற்றிரவு அவர் ஸ்டோரில் நைட் வேலை.
தேயிலைக்குள் சிறுத்தை உறுமியது.
லயத்து நாய்கள் காம்பராவுக்குள் வந்து
அடுப்பை ஒட்டிப் படுத்தன.
பிள்ளை என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.
அவள் நெஞ்சு என் நெஞ்சில்
கூரைமேல் ஆலங்கட்டி விழுகிற மாதிரி அடித்தது.

இதுதானா அது?
இவ்வளவு வேகமா?

விளக்கு ஏற்றவில்லை.
அது அடங்கும்வரை எண்ணிக்கொண்டிருந்தேன்,
இடையில் தவறிப்போய்
மறுபடி ஒன்றிலிருந்து.
இருக்கிற குரலில் அவள் காதில் என்னவோ சொன்னேன்,
தூங்கிவிட்டாள்.

எழுந்து போய்
கதவுக்குக் கொண்டி போட்டேன்.
துருப்பிடித்து இறுகியிருந்தது.
நான் போட்டதே இல்லை
இதுவரை.